ஏஜெண்டய்யாவுக்கு விழாத மாலை

ஆம்புரோஸுக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஒன்று, பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு. மற்றது, அந்தக் கோட்டை ஒரு சர்க்கார் கொடுக்க வேண்டும். கோட்டு மட்டும் ஏற்கெனவே இருந்தது. ஈப்போவில் தவுக்கே என்று அழைக்கப்படும் ஒரு சீன முதலாளியின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவன், சொந்தச் செலவில் தைத்துக்கொண்ட கோட்டு அது. பொத்தான்கள் எலும்புப் பொத்தான்கள். அதற்கு மேல் ஒரு வெள்ளைத் தொப்பியையும் வைத்துக்கொண்டு அவன் சக்கரத்தைப் பிடித்து உட்கார்ந்தால், பார்ப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பார்கள். நிமிர்ந்து நிற்கிறார்களா என்று அவனும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவன் பிறந்தது தெலுக் ஆன்சன் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா களை பிடுங்கியவள். சாமியார் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புப் படித்தான். பிறகு ஊர் டாக்டரின் காரைக் கழுவப் போய், கழுவிக் கழுவியே அதன் உள்ளும் புறமும் தெரிந்துகொண்டு, ஒரு நாள் டாக்டரின் காரோட்டி காய்ச்சலில் படுத்தபோது தானே எடுத்து ஓட்டிவிட்டான். அன்று பிடித்த சக்கரத்தை, இந்தக் கதை நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறிலும் விடவில்லை. வயது முப்பத்தொன்று. சிலிபின் மாதா கோயிலில் கெர்ட்ரூட்டைக் கட்டி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

கெர்ட்ரூட் தையல்காரி. ஊசியைப் போலவே பேச்சும் கூர்மை. ஊரில் எல்லாரையும் போலக் காரைக் காடி என்பாள். "தவுக்கே காடிக்கு வயசாயிருச்சுங்க. அது ஒரு நா படுத்துருச்சுன்னா நாமளும் சேந்து படுக்க வேண்டியதுதான். சர்க்கார் வேலையா ஒண்ணப் பாருங்களேன்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அந்தச் சர்க்கார் வேலை ஒரு நாள் தானாகவே வந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்தது.

இன்றைக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் வெளியுறவு அமைச்சு என்று ஒன்று இருக்கிறது. அயல்நாட்டில் நம் ஆளுக்கு ஒன்றென்றால் ஓடி வந்து கேட்கத் தூதர் இருக்கிறார், தூதருக்கு மேல் மந்திரி இருக்கிறார். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டுக்கு வெளியுறவு எங்கிருந்து வரும்? இருந்தாலும் லட்சக்கணக்கில் சனங்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின்படி இந்திய சர்க்காரின் ஏஜெண்டு என்று ஒருவர் மலாயாவுக்கு வந்தார். கோலாலம்பூரில் அவருக்கு ஓர் ஆபீசு. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். உத்தரவு போட மட்டும் முடியாது.

ஆம்புரோஸின் காரில் ஏறியவர் அந்த ஏஜெண்டு அல்ல. அவருக்கு அடுத்த படியில் இருந்து, பேராக் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி. ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு இந்த அடுத்த படி எல்லாம் கணக்கில்லை. ஆபீசிலிருந்து யார் வந்தாலும் ஏஜெண்டய்யாதான். நாமும் அப்படியே சொல்வோம். மெலிந்த மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி. மடியில் எப்போதும் ஒரு தோல் பை.

வழியில் ஆம்புரோஸ் கேட்டான்: "ஐயா, உங்களுக்கு மேல யாருங்கய்யா?"

"கோலாலம்பூரில் ஏஜெண்டு."

"அவருக்கு மேல?"

"டெல்லியில் ஓர் இலாகா. பள்ளிக்கூடம், ஆரோக்கியம், நிலம் மூன்றையும் பார்க்கிற இலாகா. கடல் தாண்டி வந்த உங்களையும் அதே இலாகாதான் பார்க்கிறது."

"அப்ப எங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்களா?"

"இன்னும் இல்லை" என்றார் ஏஜெண்டய்யா. அந்த 'இன்னும்' ஆம்புரோஸுக்குப் பிடித்துப் போயிற்று.

மூன்றாம் நாள் அவரே பேச்செடுத்தார். ஆபீசுக்குச் சொந்தமாக ஒரு கார் வாங்கப் போகிறார்கள், நம்பகமான காரோட்டி வேண்டும். "நீ ஒழுங்காக ஓட்டுகிறாய். இந்தச் சுற்று முடியட்டும், உன் பெயரை எழுதுகிறேன்" என்றார். அன்று ராத்திரிச் சோற்றுக்குக் கெர்ட்ரூட் கோழி அடித்தாள்.

ஐந்தாம் நாள் பீடோருக்கு அப்பால் ஆனைக்கல் தோட்டத்துக்குப் போனார்கள். இங்கிலீஷில் அதற்கு வேறு பேர் உண்டு. பங்களாவுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை படுத்திருப்பதால் சனங்கள் வைத்த பேர் ஆனைக்கல். கார் பங்களா வாசலில் நின்றதும் தோட்டத்துத் துரை படியிறங்கி வந்து ஏஜெண்டய்யாவைக் கைகொடுத்து உள்ளே அழைத்துப் போனார். முதலில் தேநீர், பிறகுதான் ஆளெடுத்துப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் சனங்களைப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவர் போன பிறகு ஆம்புரோஸ் காரைத் தொட்டுப் பார்த்தான். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தேடிக் காரை மெல்ல, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பக்கம் ஓட்டினான்.

லயத்து முனையில், ஓடையிலிருந்து வரும் தண்ணீர் விழும் தொட்டி ஒன்று இருந்தது. ஒருத்தி அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஆம்புரோஸ் இறங்கி, தகரக் குவளையால் குனிந்து குனிந்து மோந்து ரேடியேட்டரில் ஊற்றினான். கடைசிக் குவளையை ஊற்றி மூடியைத் திருகியதுதான் தாமதம், பின்னால் தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

திரும்பினால், லயத்துச் சனம் முழுக்க அங்கே நிற்கிறது. காலையிலிருந்து ஏஜெண்டய்யாவுக்காகக் காத்திருந்த சனம். முன்னால் லயத்திலேயே மூத்தவரான மாயாண்டிக் கிழவர், கையில் செவ்வந்தி மாலை. ஆம்புரோஸ் வாயைத் திறக்கும் முன் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

மாயாண்டிக் கிழவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தோட்டத்தில் கார் வைத்திருந்த ஒரே மனிதர் துரை, அவர் தன் காரைத் தானேதான் ஓட்டுவார். கூட வரும் பியூன் பின்னால் உட்கார்ந்திருப்பான். ஆகையால் சக்கரம் யார் கையில் இருக்கிறதோ அவரே பெரியவர், பின்னால் பையோடு உட்கார்ந்திருப்பவர் எடுபிடி. காலையில் பங்களா பக்கம் போன காரை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அதே கார் இப்போது வந்து நிற்கிறது. தொப்பி இருக்கிறது, காக்கிக் கோட்டு இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

"நா... இல்ல..." என்று ஆம்புரோஸ் ஆரம்பித்தது உண்மை. தப்புச் சத்தத்தில் அது கேட்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் தப்பு நின்ற பிறகு அவன் திரும்ப ஆரம்பிக்கவில்லை, அதுதான் பெரிய உண்மை. முப்பத்தொரு வருஷத்தில் அவன் கழுத்தில் மாலை விழுந்தது கல்யாணத்தன்று ஒரு முறை, இன்று ஒரு முறை. சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து போய்த் தட்டில் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். மூன்று சுற்றுச் சுற்றி, அவன் நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். மாதா கோயில்காரனுக்கு நெற்றியில் குங்குமம்! அவன் அதற்கும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றான். மனுஷன் ஒரு நிமிஷம் கிறங்கித்தான் போனான்.

அவள் பெயர் இருளாயி. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனதும் அவள் மட்டும் நின்றாள்.

"ஐயா, இந்தத் தண்ணியப் பாத்தீங்களா? ஓடை மேல நல்லாத்தான் வருது. ரப்பரு ஸ்டோரு தாண்டி வரும்போது பால் கழுவுன தண்ணியும் பாலு ஒறைய ஊத்துற மருந்தும் கலந்துருது. அதத்தான் குடிக்கிறோம், அதுலதான் ஒல வைக்கிறோம். புள்ளைங்களுக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது. போன மாசம் பக்கத்து வீட்டுப் பச்சப்புள்ள போயிருச்சு. எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் நேத்துலேருந்து முடியல. ஸ்டோருக்கு மேலேருந்து ஒரு பைப்பு இழுத்து விட்டாப் போதும்ங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல."

ஆம்புரோஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அன்று காலை ஏஜெண்டய்யா அப்படித்தான் நின்றார். "சரிம்மா. எங்கிட்டச் சொல்லிட்டேல்ல, நா பாத்துக்கிறேன்" என்றான்.

அட பாவி, என்னத்தைப் பார்த்துக்கொள்வாய்?

ஒரு மணி நேரம் கழித்துப் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஏஜெண்டய்யா துரையோடு நடந்து வந்தார். பக்கத்தில் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கார்த்திகேசு, பேர்ப் புத்தகத்தை விரித்தபடி. மாலையைச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு ஆம்புரோஸ் காரோரமாக நின்றான். "உங்களுக்கு ஏதாவது குறை உண்டா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்று ஏஜெண்டய்யா கேட்டார். ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் தரம் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். சனங்களின் கண்கள் அவரைப் பார்க்கவில்லை, காரோரமாக நின்றவனைப் பார்த்தன. பெரியவரிடம் சொல்லியாகிவிட்டது, இந்தக் கணக்கப்பிள்ளையிடம் ஏன் மறுபடி சொல்ல வேண்டும் என்று நிற்கிறார்கள். அது ஆம்புரோஸ் ஒருவனுக்குத்தான் புரிந்தது.

"மனநிறைவோடு இருக்கிறார்கள்" என்றார் ஏஜெண்டய்யா. துரை தலையசைத்தார்.

கார் ஈப்போவைப் பார்த்துத் திரும்பியது. பின்சீட்டில் ஏஜெண்டய்யா தோல் பையின் மேல் காகிதம் வைத்து எழுதிக்கொண்டு வந்தார். "ஆனைக்கல்: குறை இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னபடியே எழுதினார். இந்தப் பக்கம் இனி வர ஒரு வருஷமாவது ஆகும். அடுத்த நாள் கோலகங்சார், பிறகு தைப்பிங்.

தாப்பா போயிற்று. இப்போது சொல்லிவிடலாம் என்று ஆம்புரோஸ் நினைத்தான். சொன்னால் என்ன ஆகும்? சர்க்கார் அதிகாரி வேஷம் போட்டவனுக்குச் சர்க்கார் வேலை கொடுப்பார்களா? கெர்ட்ரூட்டின் முகம் வந்தது. கம்பார் போயிற்று. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இருளாயியின் முகம் வந்தது. 'எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.' கோப்பேங் போயிற்று. அவன் சொல்லவில்லை. நல்லவன்தான், ஆனால் அந்த முப்பது கல் தூரமும் அவன் கோழைதான்.

சிம்பாங் பூலாய் முச்சந்தியில் காரே சொல்லிவிட்டது. ரேடியேட்டர் பொங்கி ஆவி கிளம்பியது. ஏஜெண்டய்யா இறங்கி மூக்கைப் பொத்தினார். புளித்த கஞ்சியும் அழுகிய பாலும் கலந்த நாற்றம்.

"என்ன எழவு தண்ணீரை ஊற்றினாய்?" என்றார். பிறகுதான் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். "அது சரி, ஆம்புரோஸ், நீ எப்போதிருந்து குங்குமம் வைக்கிறாய்?"

கை தானாக நெற்றிக்குப் போனது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மாலையிலிருந்து ஆரத்தி வரை, 'நா பாத்துக்கிறேன்' வரை, ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். சொல்லும்போது அழுதுவிட்டான்.

ஏஜெண்டய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டெல்லியில் ஒரு சட்டம் போட்டு, அதற்கு ஓர் ஆபீசு வைத்து, என்னைக் கப்பலேற்றி அனுப்பி... இத்தனையும் எதற்கென்று நினைத்தாய்? அந்தக் களத்தில் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு. அதற்குப் பதிலும் வந்திருக்கிறது. அதை நீ வாங்கி வைத்துக்கொண்டாய்." குரல் உயரவே இல்லை, அதுதான் அதிகம் சுட்டது. "கோலாலம்பூர் வேலையை மறந்துவிடு. வண்டியைத் திருப்பு."

முச்சந்திச் சீனன் காப்பிக் கடையில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். போன வேலை போனதுதான் என்று தெரிந்த பிறகு ஆம்புரோஸுக்கு ஆச்சரியமாக நெஞ்சு லேசாகிவிட்டது. காரை அவ்வளவு வேகமாக அவன் ஓட்டியதே இல்லை.

ஆனைக்கல்லை அடைந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. லயத்தில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. துரை கிளப்புக்குப் போயிருந்தார், கிராணி வீட்டுக்குப் போயிருந்தார். ஏஜெண்டய்யா பங்களாப் பக்கமே போகவில்லை. நேரே லயத்து முனையில் இறங்கி, "நான்தான் ஏஜெண்டு ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. எல்லாரும் ஆம்புரோஸைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றினான். "என்னய மன்னிச்சிருங்க. நா ஏஜெண்டு இல்ல. காடி ஓட்டுறவன். தெலுக் ஆன்சன் லயத்துல பொறந்தவன். இவருதான் ஏஜெண்டய்யா. காலையில சொல்லாம விட்டது என் தப்பு."

மாயாண்டிக் கிழவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சக்கரம் ஒங்க கையிலதானே இருந்துச்சு!" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கடைசியில் கிழவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வாய்கள் திறந்தன. இருளாயி தொட்டியருகே போய் நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வேறு நாலு பேரும் சொன்னார்கள். ஏஜெண்டய்யா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து எழுதினார். 'குறை இல்லை' என்ற காகிதத்தைக் கிழித்துப் போட்டார். இருளாயியின் பிள்ளையைத் தாப்பா ஆஸ்பத்திரியில் சேர்க்க அந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் அது எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டது.

ஈப்போ வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. இறங்கும்போது ஏஜெண்டய்யா சொன்னார்: "காலையில் ஆறு மணிக்கு வந்துவிடு. கோலகங்சார் போகிறோம்."

"நா வரலாங்களாய்யா?"

"வேறு யார் வருவது? ஒன்று செய். இனி எந்தத் தோட்டமானாலும், நான் பங்களாவில் தேநீர் குடிக்கும்போது நீ லயத்துக்குப் போய்த் தண்ணீர் எடு. போனதும் முதல் வார்த்தையாக நீ யார் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொல்கிறார்களோ கேட்டுக்கொண்டு வா."

வீட்டில் கெர்ட்ரூட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேல போனாப் போவுது. புள்ள பொழச்சா சரி" என்றாள். பிறகு நெற்றியைப் பார்த்து, "ஆனா இந்தப் பொட்டோட ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துறாதீங்க" என்று ஈரத் துணியை நீட்டினாள்.

வேலை போகவில்லை. சுற்று முடிந்த கையோடு ஏஜெண்டய்யா எழுதினார். ஆபீசுக்குக் கார் வந்தது, ஆம்புரோஸும் கெர்ட்ரூட்டும் கோலாலம்பூருக்குக் குடிபோனார்கள். அதற்குப் பிறகு ஆபீசில் பெரியவர்கள் வந்தார்கள், போனார்கள். மாறாமல் இருந்தது முன்சீட்டு ஆள்தான். புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் அவன் தண்ணீர் எடுக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தான். கோட்டில் பித்தளைப் பொத்தான் எட்டு.

ஆனைக்கல்லுக்கு நாலு மாசத்தில் பைப்பு வந்தது. டெல்லிக்குப் போன காகிதத்துக்குப் பதில் வந்து சேரும் முன்பே துரை போட்டுவிட்டார். தன் தோட்டத்துத் தண்ணீரைப் பற்றிக் கோலாலம்பூரில் நாலு பேர் பேசுவதை அவர் விரும்பவில்லை. எப்படியோ, குழாய் வந்தது.

அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனபோது, குழாயடியில் இருளாயி நின்றாள். மகள் குடத்தைப் பிடித்திருந்தாள், குண்டாக, பிடிவாதமாக. ஆம்புரோஸ் ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான்.

"அக்கா, அன்னிக்கு ஒன்ன ஏமாத்திட்டேன். அது எனக்கு இன்னும் ஆறல."

இருளாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னய யாரு ஏமாத்துனா? குனிஞ்சு நீயே தண்ணி மோந்து ஊத்துன. எந்தத் தொர குனிஞ்சு தண்ணி மோந்தான்? நீ காடிக்காரன்னு எனக்கு அப்பவே தெரியும்லா."

ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"களத்துல ஏஜெண்டய்யா பக்கத்துல தொர நிப்பாரு, கிராணி பேரு எழுத நிப்பாரு. அங்க வாயத் தொறக்க முடியுமா? காடியில போறது நீங்க ரெண்டு பேருதான். ஈப்போ வரைக்கும் முப்பத்தாறு கல்லு. ஒங்கிட்டச் சொன்னா நீ அவரு காதுல போட்டுருவன்னுதான் சொன்னேன்."

"அப்ப எதுக்குக்கா ஆரத்தி எடுத்த? பொட்டு எதுக்கு வச்ச?"

"எடுக்காட்டி?" என்றாள் இருளாயி, நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு. "வெறும் காடிக்காரனா நின்னிருந்தா, ஏஜெண்டுகிட்டப் போய்ச் சொல்லும்மான்னு கையக் காட்டிட்டுப் போயிருப்ப. நின்னு கேட்டிருப்பியா, தம்பி?"